முதுகில் எழுதின எண்கள்

ரைலி: ...கதவை விடு, சினிக்கா.

சினிக்கா: விட மாட்டேன்.

ரைலி: உள்ள கல்லு சூடேறிக் கெடக்கு. அடுப்புக்கு விறகு போட்டவ நான். என் சவுனாவுக்கு, நான் ஆவியில குளிக்கற எடத்துக்கு, நீ காவலா?

சினிக்கா: தண்ணி படக்கூடாது, வேர்வை படக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னாளா இல்லையா? திங்கக்கிழமை டாக்டரம்மா முதுகைப் பாக்கட்டும். அப்புறம் உள்ளேயே குடியிரு.

ரைலி: சனிக்கிழமை சாயங்காலம் சவுனா வாசல்ல நின்னு நடுங்கற பொம்பள இந்த ஏரிக்கரையில நான் ஒருத்திதான்.

சினிக்கா: நானும்தான் நிக்கறேன்.

ரைலி: நீ ஏன் நிக்கணும்? எது ஒத்துக்கலைன்னு பாக்க மருந்துப் பட்டை ஒட்டினது உன் முதுகுலயா? போ, போய்க் குளி.

சினிக்கா: உன்னை விட்டுட்டா? எனக்கு மனசு வரலை.

ரைலி: சின்ன வயசுல என்னைத் தள்ளிவிட்டுட்டு மேல் பலகையில ஏறி உக்காந்தவ பேசற பேச்சைப் பாரு. கையுறையைக் கூடக் கழட்டாம நிக்கற.

சினிக்கா: குளிருதுக்கா.

ரைலி: சூடான கதவுல சாஞ்சுக்கிட்டா?

சினிக்கா: ...சட்டையை மேல இழுத்துப் போர்த்திக்கோ. மக்கரா சாசேஜ் சுடட்டுமா? ஒரு வாய் சாப்பிட்டா தெம்பா இருக்கும்.

ரைலி: தொண்டையில எறங்காது. திரும்பி நிக்கறேன், இன்னொரு தடவை பாரு.

சினிக்கா: மத்தியானம் பட்டையை உரிச்சதுலேருந்து இதே வேலைதான். எத்தனை தடவை பாக்கறது? முதுகுல ஓட்டை விழுந்துடும்.

ரைலி: எனக்குக் கண்ணு பின்னாடி இல்லையே. பாருடி.

சினிக்கா: பாத்தாச்சு. வரிசையா எண்ணு, வரிசையா வட்டம். எல்லாம் வெளுப்பா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் செவப்பு. ஒன்பதாம் எண்ணு. நர்ஸ் குடுத்த சீட்டுப்படி அது வாசனைத் தைலம்.

ரைலி: நான் என்னைக்குடி வாசனை பூசினேன்?

சினிக்கா: ஷாம்பூல இருக்கும். சோப்புல இருக்கும். ஒரு வாசனை ஒத்துக்கலைன்னா என்ன, வேற வாங்கினா போச்சு.

ரைலி: ஒண்ணாம் எண்ணு?

சினிக்கா: ...வெளுப்பா இருக்கு.

ரைலி: நல்லா பாத்தியா? நர்ஸ் ஒட்டறப்போ சொன்னா. "இதுதான் ஒண்ணு, உங்க முடிச் சாயம்"னு. வலது தோள் எலும்பு மேல விரலை வச்சு அழுத்தினா. அந்த எடந்தான் சினிக்கா எரியுது. நேத்து படுத்தப்பவே நெருப்பு வச்ச மாதிரி.

சினிக்கா: முதுகுல எரிச்சல் எடம் மாறித்தான் தெரியும். எங்கயோ கடிச்சா எங்கயோ சொறியறதில்லையா?

ரைலி: ஆறுதலுக்குச் சொல்ற.

சினிக்கா: இல்லக்கா.

ரைலி: நீ நல்லதுக்குச் சொல்ற, தெரியுது. ஆனா டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாப்பா. "ரைலி, இனிமே சாயத்துல கை வைக்கக் கூடாது"ம்பா. அப்புறம் என்ன பண்றது? வெறும் முடியை வெட்டி நம்ம கடையை நடத்த முடியுமா? ஹெல்வி பாட்டியம்மா மாசாமாசம் வர்றது முடி வெட்டிக்கவா?

சினிக்கா: கறுப்புக்குத்தான் வர்றா. எண்பது வயசுல காக்கா மாதிரி இருக்கணுமாம்.

ரைலி: சிரிக்காதடி.

சினிக்கா: நான் எங்க சிரிச்சேன்? ...சாயம் போடற வேலையை நான் பாத்துக்கறேன், நீ வெட்டு.

ரைலி: நீயா? ரெண்டு மாசமா சாயக் கிண்ணத்தைக் கண்டாலே டெலிபோனை எடுக்கப் போயிடற.

சினிக்கா: டெலிபோன் அடிச்சா எடுக்க வேண்டாமா?

ரைலி: அடிக்காதப்பவும் போற. ...சரி, விடு. லாஹ்தி டவுனுக்குச் சாயம் போடற வேலைக்குப் போயிட்டாளே அந்தக் கடைசி வீட்டுப் பொண்ணு, ஞாபகம் இருக்கா? கையுறை போட்டா சரியாப் போயிடும்னு சமாளிச்சுக்கிட்டே இருந்தா. ஒருநாள் காலையில எந்திரிக்கறா, கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கெடக்கு. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க.

சினிக்கா: அவளை எதுக்கு இப்போ இழுக்கற?

ரைலி: மெல்லிசுக் கையுறைக்குள்ளயும் சாயம் பூந்துடுமாம். டாக்டரம்மா அதைத்தான் ஆராய்ச்சி பண்றா. இந்தப் பக்கத்துல முடி வெட்டறவங்க கையை எல்லாம் பாக்கறாளாம். "உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, சேந்து வேலை செய்யறவங்க கையையும் பாக்கணும்"னு ரெண்டு தடவை சொல்லிட்டா.

சினிக்கா: எனக்கு எங்க நேரம்?

ரைலி: அதையேதான் நானும் சொன்னேன்.

சினிக்கா: ...என்னக்கா அப்படிப் பாக்கற?

ரைலி: ஒண்ணுமில்ல. ஒரு உதவி பண்ணு. கதவை விட்டு நகரு. கொஞ்ச நேரந்தான். ரெண்டு கரண்டித் தண்ணியைக் கல்லுல ஊத்திட்டு ஆவியில உக்காந்துட்டு வந்துடறேன்.

சினிக்கா: எதுக்கு? உடம்பு கேக்குதா?

ரைலி: எண்ணெல்லாம் அழியட்டும்னு.

சினிக்கா: ...என்ன?

ரைலி: வேர்த்தா மை ஓடிடும். கோடும் இருக்காது, எண்ணும் இருக்காது. செவப்பு மட்டும் நிக்கும். எது சாயம், எது வாசனைன்னு டாக்டரம்மாவால சொல்ல முடியாது. "சாரி டாக்டர், சனிக்கிழமை, பழக்க தோஷம், உள்ள போயிட்டேன்"ம்பேன். இந்த ஊர்ல அதை யாரு நம்ப மாட்டா?

சினிக்கா: அக்கா.

ரைலி: திட்டணும்னா அப்புறம் திட்டு.

சினிக்கா: திட்டலை. ...வீணாப் போகாத. அந்த மை வேர்வைக்கெல்லாம் போகாது.

ரைலி: போகாதா?

சினிக்கா: சோப்புக்கே அசையாது. நம்ம தண்ணியை வச்சுத் தேய்ச்சாதான்...

ரைலி: எந்தத் தண்ணி? நெத்தியில சாயம் பட்டா பஞ்சுல தொட்டுத் துடைப்போமே, அந்தத் தண்ணியா?

சினிக்கா: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ரைலி: மத்தியானத்துலேருந்து அந்த வாசனை என்னைச் சுத்திக்கிட்டே இருக்கு. உன் துணியில ஒட்டி வந்திருக்கும்னு நெனச்சேன். இன்னைக்குக் கடையே தெறக்கலையேடி.

சினிக்கா: அக்கா, காலு விறைச்சுப் போச்சு. வா, வீட்டுக்குப் போவோம்.

ரைலி: இந்தா, என் பையில இருந்த வால் சீப்பு. காம்பு முனையால என் வலது தோள் எலும்பைத் தொடு. ...கொஞ்சம் மேல. ஆங், அங்கதான். ஸ்... அங்க என்ன எண்ணு எழுதியிருக்கு?

சினிக்கா: ...ஒன்பது.

ரைலி: எழுதினது யாரு?

சினிக்கா: மை மங்கினா மேலயே எழுதச் சொல்லி நர்ஸ்தான் பேனா குடுத்தா. பட்டையை உரிச்சதும் பாத்தேன். கொப்புளமே வந்திருந்துச்சுக்கா. ஒண்ணாம் எண்ணு. கொழந்தை உதடு மாதிரி வீங்கி நின்னுச்சு. பஞ்சை எடுத்தேன், ஒண்ணையும் ஒன்பதையும் அழிச்சேன், மாத்தி எழுதினேன். நீதான் வாசனை பூசறதில்லையே, அது ஒத்துக்கலைன்னு சொன்னா உனக்கு ஒரு நட்டமும் இல்லைன்னு...

ரைலி: இவ்வளவு நேரம் கதவை மறிச்சு நின்னியே. எம்மேல அக்கறைன்னு நெனச்சேன்.

சினிக்கா: அக்கறைதான்.

ரைலி: நீ எழுதினது அழிஞ்சிடக் கூடாதுன்னு.

சினிக்கா: ...அதுவும்தான்.

ரைலி: நான் அழிக்க நெனச்சேன், நீ மாத்தியே எழுதிட்ட. நல்ல குடும்பம். ...பேனாவை எடு.

சினிக்கா: வேண்டாம்க்கா.

ரைலி: எடு. ஒண்ணு இருந்த எடத்துல ஒண்ணை எழுது. நான் செஞ்சிருந்தா எனக்காகச் செஞ்சிருப்பேன். நீ என் கண்ணு வீங்கறதுக்கு வழி பண்ணியிருக்க, தெரியுதா?

சினிக்கா: தெரியும்.

ரைலி: அப்புறம் ஏண்டி? கடைக்காகவா? கடை போனா கேக் சுட்டு விப்போம்.

சினிக்கா: கடைக்காக இல்ல. உனக்குச் சாயத்தால ஒண்ணும் "இல்லை"ன்னு வந்துடுச்சுன்னா...

ரைலி: வந்துடுச்சுன்னா?

சினிக்கா: எனக்கும் இருக்காதுன்னு நம்பிக்கலாம்னு...

ரைலி: உனக்கா? ...சினிக்கா. கையைக் காட்டு.

சினிக்கா: வேண்டாம்.

ரைலி: கையுறையைக் கழட்டுடி.

சினிக்கா: நீயே கழட்டிவிடுக்கா. மெதுவா... தோலும் கூட ஒட்டிக்கிட்டு வரும்.