மச்சானுக்குக் காட்ட ஒரு முள்

“தப்பு மச்சான் மேல இல்ல அண்ணாச்சி, முள்ளு மேல.”

திருச்செந்தூர் பஸ்ஸில் என் முன் இருக்கையிலிருந்து கேட்டது. பேசியவர் கடற்கரையில் மீன்பெட்டி ஏற்றும் ஜீப்புக்காரர். பக்கத்தில் ஒரு பெரியவர்.

“மணல்ல புதையாம இருக்க மச்சான்தான் டயர்ல காத்தைக் குறைப்பான். தினம் ஒரு டயர் மட்டும் ரொம்ப இறங்கிக் கிடந்துச்சு. அவன் வேலைதான்னு கண்டபடி ஏசிட்டேன். வண்டி வேலைக்கு வாறான், ஆனா மூணு மாசமா வீட்டுப் பக்கமே வரல.”

“பொறவு?”

“நேத்து பஞ்சர் அடைக்கிற லிக்விட் ஊத்தி ஓட்டுனேன். ஒரு இடத்துல பச்சையா கசிஞ்சுது. பாத்தா உடைமரத்து முள்ளு! புடுங்கிட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டுனேன், ஓட்டை அடைஞ்சுட்டு. இன்னைக்கு காத்து அப்படியே நிக்கி.”

“மச்சான்ட்ட சொன்னியா?”

“ஆலந்தலைக்கு, அவன் வீட்டுக்கு, அதுக்குத்தான் போறேன்.”

சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பிரித்து முள்ளைக் காட்டினார்.

“இது எதுக்குலே?”

“மன்னிப்பு கேக்க எனக்கு வராது அண்ணாச்சி. இதை அவன் கையில குடுத்துட்டு, சாப்பிட வாலேன்னு கூப்பிட்டுருவேன்.”