வெள்ளிக்கிழமை இன்டர்வியூ

அப்பா: …அப்படிக் கூன் போட்டு உட்காரக் கூடாது. முதுகு நேரா.

மகள்: நேராத்தான் இருக்கு. ஸ்டூல்தான் சாயுது.

அப்பா: ஆபீசர்கிட்ட போய் ஸ்டூலைப் பத்திப் புகார் சொல்லுவியா?

மகள்: அங்க நாற்காலி போடுவாங்கப்பா.

அப்பா: அப்பாவா? யாரு அது? ஐயான்னு சொல்லணும்.

மகள்: சரிங்கய்யா. ஆனா உங்க சட்டைப் பையில டெஸ்டர் நீட்டிக்கிட்டு இருக்குங்கய்யா.

அப்பா: இருக்கட்டும். ஆபீசர்னா லிஃப்ட் ரிப்பேர் பண்ணக் கூடாதா? போ, கதவைத் தட்டிட்டு முதல்லேருந்து வா.

மகள்: மறுபடியுமா? பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?

அப்பா: நம்ம கதவை நாம தட்டறோம். அவங்களுக்கு என்ன?

மகள்: …உள்ள வரலாமாங்கய்யா?

அப்பா: வாங்க, உட்காருங்க. பேர் சொல்ல வேணாம், தெரியும்.

மகள்: தெரியாம? வெச்சதே நீங்கதானே.

அப்பா: சிரிக்காத. என்ன படிப்பு?

மகள்: மெக்கானிக்கல் இன்ஜினியரிங். மார்க்கை வெச்சு சீட் கிடைச்சிருக்கு. ஃபீஸ் கட்ட வசதி இல்ல, அதனால உதவித்தொகைக்கு…

அப்பா: நில்லு. ‘வசதி இல்ல’ன்னு சொல்லும்போது ஏன் தரையைப் பாக்கற?

மகள்: பாக்கலையே.

அப்பா: பாத்த. ஆபீசர் மூஞ்சியப் பாத்து சொல்லணும்.

மகள்: இந்த மூஞ்சியப் பாத்து அதைச் சொல்ல எனக்கு வரலப்பா.

அப்பா: …ஐயா.

மகள்: வரலைங்கய்யா.

அப்பா: சரி… சரி. டெஸ்டரைப் பாத்து சொல்லிடு.

மகள்: ம்.

அப்பா: உதவித்தொகை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு நினைக்கறீங்க?

மகள்: அதை ஆபீசர் கேக்க மாட்டாரு. முடிவு பண்றவரே அவருதான்.

அப்பா: இந்த ஆபீசர் கேப்பாரு.

மகள்: கூப்பிட்டவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு முழு ஃபீஸ். இன்னும் கொஞ்சம் பேருக்குப் பாதி. என் கட்-ஆஃப் மத்தவங்களுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். வீட்டு வருமானம் கொஞ்சம் கீழ இருக்கும். ரெண்டுமே எனக்கு நல்லது.

அப்பா: வருமானம் கீழ இருக்கறது நல்லதுன்னு இப்பதான் கேள்விப்படறேன்.

மகள்: இத்தனை வருஷமா சம்பளம் ஏறாமப் பாத்துக்கிட்டீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்கய்யா.

அப்பா: வாய், வாய்! உங்கம்மா வாய் அப்படியே வந்திருக்கு. சரி, பாதிதான் கிடைச்சா?

மகள்: போக முடியாது. ஹாஸ்டல், சாப்பாடுன்னு எவ்வளவோ இருக்கு. இங்கேயே பக்கத்து காலேஜ்ல ஃபிசிக்ஸ் சேர்ந்துடுவேன்.

அப்பா: மனசு எங்க இருக்கு?

மகள்: …அங்கதான்.

அப்பா: ரொம்ப தூரமோ?

மகள்: ஒரு ராத்திரி ரயில்ல போகணும். உங்களுக்குத் தெரியாதா?

அப்பா: எனக்குத் தெரியும். ஆபீசருக்குத் தெரியாதே.

மகள்: ஆபீசரே அந்த ஊர்லேருந்து அதே ரயில்லதான் வர்றாரு!

அப்பா: ஆமாமில்ல… சரி, அடுத்த கேள்வி. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. முதல் வேலை என்ன?

மகள்: மேல ஏறி மோட்டாரைப் பாப்பேன்.

அப்பா: தப்பு! நேத்து சரியாச் சொன்னியே?

மகள்: சொன்னேனா? மறந்து போச்சு. நீங்களே சொல்லுங்க.

அப்பா: முதல்ல உள்ள இருக்கற ஆளுகிட்ட பேசணும். ‘வந்துட்டேன், பயப்படாதீங்க’ன்னு. அப்புறம்தான் மத்ததெல்லாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பெரியவரு மாட்டிக்கிட்டு… சொல்லிட்டேன்ல இந்தக் கதைய?

மகள்: இல்லையே.

அப்பா: சொன்னேன். நீகூட விழுந்து விழுந்து சிரிச்ச.

மகள்: மறுபடி சிரிக்கறேன். சொல்லுங்க.

அப்பா: அவரு உள்ளேருந்து, ‘தம்பி, இது எந்த மாடி?’ங்கறாரு. ‘எந்த மாடியும் இல்லீங்க, நடுவுல நிக்கறீங்க’ன்னேன். ‘அப்ப என் பொண்டாட்டியால என்னைக் கண்டுபிடிக்க முடியாதில்ல? நீ நிதானமாவே ரிப்பேர் பண்ணு’ன்னாரு.

மகள்: ஐயோ அப்பா… வயிறு வலிக்குது…

அப்பா: இதை ஆபீசர்கிட்ட சொல்லி வெக்காத.

மகள்: சொன்னா முழு ஃபீஸும் நிச்சயம்.

அப்பா: ம்… மணியாச்சு போல.

மகள்: உங்களுக்குப் பசிக்கலையா?

அப்பா: இல்ல. உனக்கு?

மகள்: இல்ல. கேள்வி இன்னும் இருக்கில்ல?

அப்பா: நிறைய இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் கேக்கலாம்.

மகள்: …ஆமா. வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அப்பா: பயமா இருக்கா?

மகள்: எதுக்கு?

அப்பா: இன்டர்வியூவுக்குத்தான்.

மகள்: ஓ… அதுக்கா. கொஞ்சம். …அப்பா, போன வருஷமெல்லாம் நீங்க வந்ததும் டிவி முன்னாடி. நான் என் ரூம்ல. ‘சாப்டியா’, ‘ம்’. அவ்வளவுதான் நம்ம பேச்சு.

அப்பா: நீ கதவைச் சாத்திக்கிட்டு படிச்ச. பொண்ணு பெருசாயிட்டா, நாம போய் தொந்தரவு பண்ணலாமா கூடாதான்னு… எனக்குப் புரியல.

மகள்: பண்ணியிருக்கலாம்.

அப்பா: …உஷ். பூட்டு சத்தம். உங்கம்மா வந்தாச்சு. முதுகு நேரா!

அம்மா: இன்னைக்குமா? மருந்துக்கடை வேலையில நாள் முழுக்கக் கால் கடுக்க நின்னுட்டு வர்றேன். இங்க ஒரு பாத்திரம்கூடக் கழுவல!

அப்பா: சத்தம் போடாத. இன்டர்வியூ நடக்குது.

அம்மா: எந்த இன்டர்வியூ?

மகள்: அம்மா! வெள்ளிக்கிழமை இருக்கேம்மா…

அப்பா: நீ போய் முகம் கழுவிட்டு வா, போ…

அம்மா: கண்ணைக் காட்டாதீங்க. நீயும் காட்டாதடி. ரெண்டு பக்கமும் சேர்ந்து காட்டினா நான் யாரைப் பாக்கறது?

மகள்: அப்பா எதுக்குக் கண்ணைக் காட்டறாரு?

அப்பா: நீ எதுக்குக் காட்டற?

அம்மா: போதும், இனிமே என்னால முடியாது. திங்கக்கிழமை இவரு வந்து, ‘காலேஜ்லேருந்து போன் வந்துச்சு, மார்க்கே போதுமாம், இன்டர்வியூவே கிடையாதாம், முழு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம். அவகிட்ட இப்ப சொல்லிடாத, இப்பத்தான் எதிர்ல உட்காந்து என்கிட்ட பேசறா’ன்னு கெஞ்சறாரு. அன்னைக்கு சாயங்காலமே நீ கடைக்கு ஓடி வந்து, ‘மெயில் வந்துடுச்சும்மா, அப்பாகிட்ட மூச்சு விடாத, இப்பத்தான் கதையெல்லாம் சொல்றாரு’ன்னு கையைப் புடிச்ச. ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு நான் ஒருத்தி வாயைத் தைச்சுக்கிட்டுத் திரியறேன். பெட்டி வாங்கணும், போர்வை வாங்கணும், ரயிலுக்கு டிக்கெட் எடுக்கணும்… அட, அழாதடி. நீங்களும்தான்… நல்ல ஆபீசர் போங்க. சரி, அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். கொஞ்சம் நகருடி, எனக்கும் ஒரு ஓரம் விடு. ம்… நீங்க கேளுங்கய்யா.