வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு நூல்

"ஹலோ... ஹலோ, ராஜகோபால் சாருங்களா? நான் யூனிஸ் பேசறேன் சார், மாடம்பாக்கம் ஷெட்டுலேர்ந்து... ஆமா சார். ஆமா, ஆமா. சரக்கு திரும்பி வந்துட்சு. பாத்தேன்..."

டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் பஸ் சத்தம். பாதி சாத்திக்கொண்டு யூனிஸ் சுவரில் சாய்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் ஒட்டுத்துணி மெத்தை விரிப்புகளைத் தைக்கிற பதினாறு பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். கம்பெனி ராஜகோபால் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை. அவளுக்கோ காலையிலிருந்து நின்ற கால் கெஞ்சியது.

"நாங்க தச்சது நீலமும் வெள்ளையும்தான் சார்... ஆமா, செவப்பு நூலுதான். வெள்ள கட்டத்துக்கு அடியில கீறல் கணக்கா தெரியுதுன்னு பொண்ணுங்களும் சொல்லுதுங்க. நான் இல்லேன்னு சொல்லலியே... யாரு, கன்னியம்மாவா? ஐயோ சார், மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுக்கினு கீது அந்தப் பொண்ணு. செவப்புதான கட்டணும்? புதுப் பொடவ, நூலு உதிருது. வெட்டுன துண்ட மடியில போட்டுக்கினு தக்கிறது இங்க எல்லாருக்கும் பழக்கம். ஒட்டிக்கினு வந்துட்சு... வேணும்னா செஞ்சா?"

"...நிறுத்திடறதா? நாளைலேர்ந்தா? சார், சார், ஒரு நிமிஷம்... அவ புருஷன் படுத்த படுக்கையா கீறான். மாலையே அதுக்குத்தான். இந்த வேலையும் போச்சுன்னா அவ எங்க சார் போவா?"

எதிர்முனை கத்தியது. யூனிஸ் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். கத்தித் தொலைக்கட்டும், அவர் தலையில் ஏறி உட்கார்ந்து எவன் கத்தினானோ.

"...தெரியும் சார். பத்து வருசமா நான்தான சொல்லிக் குடுக்கறேன்? தையலுக்கு அடியில கீற ஓரத்த ரெண்டு பக்கமா விரிச்சு தேய்க்கக் கூடாது, வெள்ளையில நெழலு தெரியாம நீலத்துப் பக்கமே சாச்சு இஸ்திரி போடணும். நீல ஓரத்த ஒரு மயிரளவு ஒட்ட வெட்டணும். பஞ்சு வெக்கறதுக்கு முன்னால ட்யூப் லைட்டாண்ட தூக்கிப் புடிச்சு, பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி நூல எடுக்கணும்... அதத்தான் சார் நானும் சொல்றேன்! லைட்டுல பாக்கறது அவ வேல இல்ல..."

"...யாரு பாத்தாங்களா?"

ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாதது தொண்டைக்கு வந்துவிட்டது. சொன்னால் அவள் வேலை போகும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மறைத்து மறைத்து அலுத்தும் போயிருந்தது.

"நான்தான் சார் பாத்தேன். ஒவ்வொரு கட்டமா புடிச்சு பாத்தேன்... இல்ல சார், அசால்ட்டா இல்ல. தெரியல. கண்ணு தெரியல சார். ரெண்டு கண்ணுலயும் பொர வியுந்துட்சு. வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது... ஆமா, ஆறு மாசமா. பொண்ணுங்க கைய நம்பி, சரி சரின்னு தள்ளிவுட்டுக்கினு இருந்தேன்..."

"...ஹலோ? சார், கீறீங்களா?"

"...ஆங். ஒருத்தர நிறுத்துனாத்தான் மேல கீறவங்களுக்கு நீங்க பதில் சொல்ல முடியுமா? சரி சார். பேரு எழுதிக்குங்க. யூனிஸ்... எந்த யூனிஸா? இன்னா சார், இம்மா நேரம் உங்களாண்ட பேசிக்கினு கீறேனே, அந்த யூனிஸ்தான்... எழுதிட்டீங்களா? கன்னியம்மா பேர அடிச்சிட்டீங்களா?... அடிங்க சார், நான் லைன்லயே கீறேன்... அடிச்சாச்சா? சரி சார். வெச்சிடறேன்."