தவறு நோட்டு

நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை. பரவாயில்லை, கோடு இல்லாமலே எனக்கு நேராக எழுத வரும். ஆனால் இந்த அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. யாராவது அதைச் சரிசெய்தால் நல்லது, வந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. காலை ஆட்ட வேண்டாம் என்று பக்கத்தில் நிற்கும் பெண் காவலர் இரண்டு முறை சொல்லிவிட்டார். வேண்டுமென்று ஆட்டவில்லை இன்ஸ்பெக்டர் மேடம். ஓரிடத்தில் உட்கார்ந்தால் அது தானாக ஆடும்.

முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். நான் கூரியர் அலுவலகத்தில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பினால் எந்தத் தெருவுக்கு எப்போது போய்ச்சேரும் என்று நிமிடக் கணக்கில் சொல்வேன். வீட்டில் நான், அம்மா, தம்பி. தம்பியை நாங்கள் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம், இருபத்து நான்கு வயதானாலும். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஒன்றரை வருடமாகத் தயார் செய்துகொண்டிருந்தான். அந்தத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் மட்டும் போதாது, எழுதுகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரை நமக்குப் பின்னால் நிற்க வைக்க வேண்டும். பெரிய கல்லூரிகள் அதற்குக் கீழே இருப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்காது.

அதே தேர்வுக்கு நானும் இரண்டு முறை படித்தவள். முதல் முறை மயிரிழையில் போயிற்று. இரண்டாம் முறை எழுதவே இல்லை. அன்று காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது குளியலறையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. சின்னவனுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது அப்போதுதான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். தேர்வு மையத்தின் கேட்டை எட்டே காலுக்கு மூடுவார்கள். எட்டே காலுக்கு நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்கு அப்போது பதினேழு வயது, அவன் என்ன செய்வான். அடுத்த மாதமே கூரியர் வேலை கிடைத்தது, நானும் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன்.

அன்றிலிருந்து அவனுக்குக் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் அதை நிரப்புவேன். ஏழு வருடத்தில் ஒரு ஞாயிறுகூட நான் தவறவிட்டதில்லை, அம்மாவைக் கேட்டால் சொல்வாள். நரம்பு டாக்டர் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு வேளைகூட விடாதீங்கம்மா. நல்லாத்தானே இருக்கான்னு நிறுத்தினா, முன்னவிட மோசமா வரும். உயிருக்கே ஆபத்து” என்றார். அவர் மேசையில் அப்போது பாதி குடித்த டீ இருந்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் மறக்காது.

தேர்வுத் தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வாரம் இரண்டு மாதிரித் தேர்வு. எழுதுவது பெரிய காரியமில்லை, எழுதியதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பதுதான் காரியம். அதற்குத்தான் தவறு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் மூன்று கட்டங்களில் ஒன்றில் எழுத வேண்டும். முதல் கட்டம் ‘தெரியவில்லை’. இரண்டாவது ‘தெரிந்தும் தவறவிட்டது’. மூன்றாவது ‘நேரம் போதவில்லை’. சின்னவன் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் தள்ளிவிடப் பார்ப்பான். தெரியவில்லை என்று எழுதிவிட்டால் மனசுக்குச் சுலபம், யார் மேலும் குற்றமில்லை. நான் விடமாட்டேன். தெரிந்ததைத் தெரியாத கட்டத்தில் எழுதுகிறவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான், அவன் உருப்படமாட்டான் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருந்தேன்.

“அக்கா, நீ எனக்கு அக்காவா, இல்ல பரீட்சைக்கு அக்காவா?” என்பான். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினால் ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி குனிந்து நிற்பான். சாப்பிடும்போதுகூட, “அம்மா பாரு, இந்தத் தட்டை ரெண்டு நிமிஷம் பத்து செகண்டுல முடிச்சிடறேன்” என்று அம்மாவைச் சிரிக்க வைப்பான். நல்ல பையன் மேடம். அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

நான்கு மாதம் தொண்ணூற்றிரண்டிலேயே நின்றான். மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழிந்தது. காலைத் தேர்வுகளில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஏழு வினாடி அதிகம் எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தேர்வும் காலையில்தான். என்னால் அலுவலகத்தில் உட்கார முடியாது, வீட்டில் நிற்க முடியாது. பஸ்ஸில் சிவப்பு விளக்கில் நின்றால்கூட அந்த ஏழு வினாடி ஞாபகம் வரும்.

பிறகு ஒரு சனிக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனவன் மாத்திரை டப்பாவை மறந்துவிட்டான். மறுநாள் காலை அங்கிருந்தே போய் மாதிரித் தேர்வு எழுதினான். தொண்ணூற்றெட்டு. வலிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மூன்று வண்டிகளை ஒரே தெருவுக்கு அனுப்பி வைத்தேன். மேனேஜர் கத்தினார், எனக்கு அது காதிலேயே விழவில்லை. மாத்திரை ஆளை மந்தமாக்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஏழு வருடமாக அதைக் கையில் எடுத்துக் கொடுத்தவளுக்கு அது உறைக்காமல் போனதே என்றுதான் இருந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. மருந்துக் கடையில் அதே அளவில் வெள்ளைச் சத்து மாத்திரை கிடைத்தது. காலை அறையில் மட்டும் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். அரைகுறையாகச் செய்தால் பலன் தெரியாது என்பதால் மாலையிலும் மாற்றினேன். அவனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. தேர்வு எழுதப் போகிறவனைப் பயமுறுத்தினால் அதற்கும் நேரம் வீணாகும்.

நான்காவது நாள் காலை அவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னான்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. அந்தத் தொண்ணூத்தெட்டு வந்துச்சில்ல, அது நான் போன வருஷமே போட்ட பேப்பர். பாதிக் கேள்வி ஞாபகம் இருந்துச்சு.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“நீ அவ்ளோ சந்தோஷப்பட்டியா, சொல்ல மனசு வரல. உன் மூஞ்சிய நான் அப்படிப் பார்த்ததே இல்ல.”

நான் கோபப்படவில்லை. முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். டப்பா சமையலறை அலமாரியில் இருந்தது, பழைய மாத்திரைகள் என் கைப்பையில் இருந்தன. மாற்றி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு முறையை நடுவில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்றே தெரியாமல் போய்விடும், தயாரிப்பில் இது முதல் பாடம். அந்த வாரம் அவன் எழுதிய இரண்டு தேர்வில் தொண்ணூற்றிரண்டும் தொண்ணூற்றொன்றும் வந்தன. மருந்து உடம்பைவிட்டு முழுசாக இறங்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நாளன்று நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டவன் முகத்தைச் சுளித்தான்.

“என்னக்கா, கொஞ்ச நாளா இது இனிக்குது?”

“புது கம்பெனி.”

“சரி, நீ சொன்னா சரி” என்று விழுங்கிவிட்டான்.

நான் லீவு போட்டு மையம் வரைக்கும் கூடப் போனேன். பெற்றோர்கள், நண்பர்கள் என்று வாசலில் நூறு பேர் இருப்பார்கள். அவன் உள்ளே போய்த் திரும்பி, குனிந்து ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி நின்று காட்டினான். எட்டே காலுக்குக் கேட்டை மூடினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் கால் ஆட்டம் நின்றுபோனது. ஏழு வருடத்தில் முதல் முறையாக நான் அசையாமல் நின்றேன். ஆனந்தமாக இருந்தது மேடம், அதை மறைக்க மாட்டேன்.

எட்டரைக்குத் தேர்வு தொடங்கியது. நாற்பது நிமிடம் முதல் பகுதி, அடுத்த நாற்பது இரண்டாம் பகுதி, கடைசி நாற்பது மூன்றாம் பகுதி. ஒன்பது இருபத்தொன்றுக்கு உள்ளே இருந்து ஒருவர் ஓடிவந்து அவன் வரிசை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படியென்றால் இரண்டாம் பகுதியில் பதினோரு நிமிடம் போயிருந்தது. நாற்காலியிலிருந்து பின்பக்கமாக விழுந்திருக்கிறான், பின்மேசையின் இரும்பு விளிம்பு தலையில் பட்டிருக்கிறது. வலிப்பு விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்ததாம். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோதும் கை இழுத்துக்கொண்டிருந்தது.

ஹால் மேற்பார்வையாளர் என்னோடு கூடவே ஓடிவந்தார். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவனோட டைமரை நிறுத்தினீங்களா?”

அவர் என்னைப் பார்த்த மாதிரியே நீங்களும் இங்கே ஒரு முறை பார்த்தீர்கள், அதனால்தான் சொல்கிறேன். பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேர்வும் பத்தரைக்குத்தான் முடியும்.

அவன் மாத்திரைகளை நரம்பு டாக்டர் கேட்டபோது டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தார். நீங்கள் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். மாற்றியது நான்தான், பத்து நாளும் நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள். அது எனக்கு வலிக்கிறது, ஆனால் அவளுக்குத் தேர்வு முறை தெரியாது.

அவனால் உன் பரீட்சை போனதற்குப் பழி தீர்த்தாயா என்று கேட்டீர்கள். பழி தீர்க்கிறவள் ஏழு வருடம் ஞாயிறு தவறாமல் டப்பா நிரப்புவாளா மேடம். அவன் ஜெயித்தால் நான் ஜெயித்த மாதிரி, அவ்வளவுதான்.

தவறு நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அன்று மாலை, வீடு நிறைய ஆட்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் உள்ளறையில் உட்கார்ந்து அன்றைய தேர்வின் கணக்கை நோட்டில் எழுதி முடித்தேன். எழுதாமல் விட்டால் பழக்கம் கெட்டுவிடும். அவன் தொடாமல் விட்ட மூன்றாம் பகுதியை அப்படியே மூன்றாவது கட்டத்தில் போட்டேன். கடைசியாக ‘மாத்திரை’ என்று ஒரு வரி. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் யோசிக்கக்கூட இல்லை. முதல் கட்டத்தில், ‘தெரியவில்லை’ என்பதில் எழுதினேன்.