பள்ளி மணியில் சுருதி பிடித்த பாட்டு டீச்சருக்கு

பண்ணும் பரிவும் பாதியாய்க் கலந்தவரே! கண்டிப்பைக் கூடக் கனிவாய்த் தந்தவரே! முப்பத்தோராண்டுகள் முதல் மணிக்கு முன்னரே வந்து, கடைசி மணிக்குப் பின்னரும் காலாற உட்காராத கலைச்செல்வியே! சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சின்ன அறையைச் சங்கீத மண்டபமாக்கிய சாமர்த்தியசாலியே! உங்களோடு பணிபுரிந்தோம் என்று ஊரெல்லாம் சொல்லி மார்தட்டிக்கொள்ளும் நாங்கள், இன்று உங்கள் முன் நின்று வாசிக்கும் மடல் இது.

‘தாங்கள்’ என்றுதான் எழுதத் தொடங்கினோம். அலுவலக அம்மா தடுத்துவிட்டார். “தாங்கள் கீங்கள்னு வாசிச்சா, டீச்சர் பின்னாடி திரும்பி யாரையோ தேடுவாங்க” என்றார். ஆகவே ‘நீங்கள்’. எழுதியவரும் இப்போது வாசித்துக்கொண்டிருப்பவரும் எங்கள் கணக்கு ஆசிரியர். உங்களோடு அதிகம் மல்லுக்கு நின்றவரே எழுதட்டும் என்று அவர் தலையில் கட்டிவிட்டோம்.

அம்மையீர்! குரல் சரியில்லை என்று ஒருவரையும் நீங்கள் பாட்டுக் குழுவிலிருந்து விலக்கியதில்லை. “வாயைத் திறந்தா சத்தம் வருதில்ல? போதும், வந்து நில்லு” என்பதே உங்கள் நுழைவுத் தேர்வு. விசிலுக்கும் தன் குரலுக்கும் வேறுபாடு தெரியாத விளையாட்டு ஆசிரியர்கூட மூன்றாம் வரிசையில் இடம்பிடித்தது அப்படித்தான். பார்வையிட வந்த அதிகாரி ஒருமுறை, “நல்லாப் பாடுற பத்துப் பேர் போதுமே, எதுக்கு இவ்வளவு கூட்டம்?” என்று கேட்டார். “அந்தப் பத்துப் பேரு வீட்டுலயே பாடிக்குவாங்க சார். மத்தவங்களுக்குத்தான் பள்ளிக்கூடம்” என்றீர்கள். அதிகாரி அதற்குப் பிறகு தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பள்ளியோடு நின்றதா உங்கள் தொண்டு? பக்கவாதம் வந்து பேச்சிழந்த பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கு ஆறு மாதம் மாலைதோறும் நடந்தீர்கள். ‘தண்ணி வேணும்’ என்ற இரண்டு சொல்லை ராகம் போட்டு, அவர் கையைத் தட்டித் தட்டிப் பாட வைத்தீர்கள். பாட்டாக வந்தது மெல்லப் பேச்சாக வந்தது. அவர் மனைவி ஒருநாள் பள்ளிக்கே ஓடிவந்து, “டீச்சர், இன்னைக்குக் குழம்புல உப்பு இல்லைனு சண்டை போட்டாருங்க!” என்று அழுதுகொண்டே சிரித்தார். அன்று ஆசிரியர் அறையில் கண் கலங்காதவர் யாருமில்லை.

இனி கணக்கு ஆசிரியர் உங்களோடு போட்ட சண்டைக்கு வருவோம். நடைத் தூணில் தொங்கும், விளிம்பு உடைந்த வெண்கல மணியை எடுத்துவிட்டு மின்மணி பொருத்த வேண்டும் என்று இரண்டாண்டுகளுக்கு முன் தீர்மானம் எழுதியவர் கணக்கு ஆசிரியர். எல்லாரும் கையெழுத்திட்டோம், நீங்கள் மட்டும் “அது இருக்கட்டும்” என்று பேனாவை மூடிவிட்டீர்கள். “பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? பழசை விட மனசு வரல” என்று அவர் உங்கள் காதில் விழும்படியே சொன்னார். நீங்கள் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பழத்தில் பாதியை அவரிடம் நீட்டினீர்கள். நீங்கள் ஓய்வுபெறும் வரை பொறுப்பது, வரும் திங்கட்கிழமை மணியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவது என்று முடிவாயிற்று. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், மணியை விட்டுவையுங்கள் என்று நீங்கள் கேட்டதில்லை.

போன மாதம், உங்களுக்காக, காலைக் கூட்டத்தில் நீங்கள் பாடவைக்கும் பாட்டையே பாடுவோம் என்று ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். பதினெட்டுப் பேர், பதினெட்டுச் சுருதி. மறுபடி தொடங்கினோம், இன்னும் மோசம். இத்தனை ஆண்டுகள் நாங்களாகவே தொடங்கிப் பாடுவதாக அல்லவா நினைத்திருந்தோம்! வாசலில் நின்று சிரித்தவர் மணி அடிக்கும் அண்ணன்.

“டீச்சர் ரூம் சாவியால மணியைத் தட்டிட்டுத்தான வருவாங்க? நீங்க யாருமே பார்த்ததில்லையா?” என்றார் அவர்.

ஒவ்வொரு முறை பாட்டுக்கு முன்னும், தூணைக் கடக்கும்போது சாவியால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுப்பீர்களாம். அந்த ஒலியை வாய் மூடி முனகி முன்வரிசைக்குத் தருவீர்களாம். அது வரிசை வரிசையாகப் பின்னால் போகுமாம். “வீட்டுல சுருதிப்பெட்டி இல்லாத பிள்ளைங்கதான் இங்க ஜாஸ்தி. ஆனா மணிச் சத்தம் எல்லார் காதுலயும் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. நான் ஏன்னு கேட்டேன், சொன்னாங்க. நீங்க யாரும் கேட்கலையே!” என்றார் அண்ணன்.

கணக்கு ஆசிரியர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளம் வந்த ஆண்டு அவர் நினைவுக்கு வந்தது. பாலத்துக்கு அப்பால் கிடங்கில் முந்நூறு பேர் ஒதுங்கியிருந்தோம், குழந்தைகள் வீறிட்டன, பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். நீங்கள் ஒரு மூட்டைமேல் ஏறி நின்று, “நம்ம பள்ளி மணி எப்படி ஒலிக்கும்? வாயை மூடிக்கிட்டு அதே மாதிரி சொல்லுங்க பார்ப்போம்” என்றீர்கள். நம் பள்ளியில் படித்த தாத்தாக்கள் முதல் பேரன்கள் வரை ஒரே ஒலியில் முனகினார்கள். கிடங்கு அடங்கியது. கைக்குழந்தையோடு மூலையில் நின்ற கணக்கு ஆசிரியரும் முனகினார்; தோளில் கிடந்த மகள் தூங்கிப்போனாள். பதிமூன்று ஆண்டுகளாக அதை ஓர் அதிசயம் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தவர், அதே மணியைக் கழற்றத்தான் தீர்மானம் எழுதினார்!

மறுநாள் காலையிலேயே புதுத் தீர்மானம் எழுதினார். மின்மணி மாடிக் கட்டடத்துக்குப் போகிறது. உங்கள் மணி இருக்கும் இடத்திலேயே இருக்கும், தலைமையாசிரியரும் ஒப்பமிட்டுவிட்டார். மன்னித்துவிடுங்கள் டீச்சர். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நலமும் வளமும் நிறைந்து, நூறாண்டு தாண்டியும் குரல் தளராமல் நீங்கள் வாழ வேண்டும். எங்களைத் திட்ட ஆளில்லாத நிலை எங்களுக்கு வரவே கூடாது! இதற்கு மேல் நீண்டால் மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது என்று சட்டம் போடும் கடைக்காரர் எச்சரித்ததால் இத்தோடு நிறுத்துகிறோம்.

காலையில் விதிப்படி நீங்கள் ஒப்படைத்த அறைச் சாவி, கணக்கு ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கிறது. மடலை வாசித்து முடித்ததும் அவர் மணித் தூணுக்குப் போவார். நீங்கள் எழுந்து வர வேண்டாம். இன்று ஒருநாள் எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். சுருதியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

என்றும் உங்கள் வரிசையில் நிற்கும்
ஆசிரியர்கள், அலுவலர்கள், மணி அடிக்கும் அண்ணன்