மெமரி காணாது

– திரும்பவும் விழுந்திட்டுது, பிரீத்தா. அதே வசனம்தான். மெமரி காணாதாம்.

– பதறாதீங்க, ஜெரோசன் அண்ணா. மெமரி பத்தலைன்னு எந்த இடத்துல விழுது?

– கொம்பியூட்டரிலை பாட்டைத் திறக்கேக்குள்ளையே. பாதிக்கு மேலை ஏறுதில்லை. மூண்டு கிழமையாய் இதே கூத்து. உங்களையும் மழைக்குள்ளை நோர்பரியிலையிருந்து இழுத்துப்போட்டன்.

– அதை விடுங்க. ராம் எவ்வளவு?

– பதினாறு ஜிபி இருந்தது, முப்பத்திரண்டாக்கினன். வயலின் சத்தமெல்லாம் மெமரியிலை ஏறாமல் வேறை டிஸ்க்குக்கு மாத்தியும் பாத்தன். ஒண்டும் சரிவரேல்லை.

– குரலை மட்டும் தனியா எடுக்க முடியாதா?

– உள்ளுக்குள்ளை நூற்றுக்கணக்கிலை துண்டு கிடக்கு. எது எங்கை வரும் எண்டு பாட்டுத் திறந்தால்தான் தெரியும். வேறை பிரதியும் இல்லை. தொண்டை ஒப்பரேசனுக்கு முதல் நாள் பெர்னடெற் பாடினது. அண்டைக்குப் பிரதி எடுக்கிற நிலையிலையோ நாங்கள் இருந்தம்? பிறகு குரலே போயிட்டுது. என்ரை மனிசியின்ரை குரல் இந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கு, எனக்குத் திறக்க ஏலாமல் கிடக்கு.

– ப்ளக்-இன் எல்லாத்தையும் அணைச்சுட்டுத் திறந்து பாப்போம். எஃபெக்ட் எதுவும் இல்லாம, பதிவானது மட்டும் வரும்.

– அப்பிடி ஏலுமோ?

– இருங்க... ஏறுது... திறந்துடுச்சு அண்ணா!

– மாதாவே!

– ஒரு நிமிஷம். நீங்க எத்தனை ட்ராக் போட்டீங்க?

– இருபத்திரண்டு.

– இங்க நூத்தி அறுபத்திமூணு இருக்கே. மீதி ஒவ்வொண்ணுலயும் குரலைச் சரிபண்ற ப்ளக்-இன் ஏத்தியிருக்கு. அதுங்கதான் மெமரியைத் தின்னிருக்கு.

– நான் போடேல்லை.

– தேதியைப் பாருங்க. எல்லாமே வார நாள், காலையில பத்து மணி.

– பத்து மணிக்கு நான் பஸ் ஓடிக்கொண்டு நிப்பன். வீட்டிலை பெர்னடெற் மட்டும்தான்... ஒண்டைப் போடுங்கோ.

– பாட்டு எதுவும் இல்லையே. வெறும் மூச்சு. இதுவும் மூச்சுதான். இந்த நூத்தி நாப்பத்தொண்ணையும் அழிச்சுடவா?

– தொடாதேங்கோ! வடிவாய்க் கேளுங்கோ. மூச்சை நீட்டி விட்டு, நிப்பாட்டி, பிறகு சின்னனாய் ரெண்டு. இது ரெண்டாம் சரணம், பிரீத்தா. அவ பாடுறா.

– அண்ணா...

– எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

– கடைசிப் பதிவு மூணு வாரம் முன்னாடி. அன்னிக்குத்தான் இது விழ ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் அவங்களாலயும் திறக்க முடியல. அழ வேண்டாம் அண்ணா. ஒண்ணையும் அழிக்கல, ப்ளக்-இன்னை மட்டும் எடுத்துட்டேன். இனிமே விழாது. திங்கட்கிழமை நீங்க கிளம்பினதும் அவங்க மறுபடி பாடலாம்.

– எதிலை பாடுறது? நேற்றுத்தான் அவவின்ரை மைக்கைச் சேர்ச்சுப் பாட்டுக்குழுவுக்குக் குடுத்தனான். இனி இது ஆருக்குத் தேவை எண்டு அவவுக்கு முன்னாலையே கேட்டன். அவதான் துணி சுத்திப் பெட்டியிலை வைச்சுத் தந்தவ.