இருபது நிமிடப் பளபளப்பு

எங்கள் ஏ.எஸ்.ராவ் நகர் போர்வெல் தண்ணீரில் எந்தத் தலைமுடியும் பளபளக்காது, சார். அதனால்தான் என் பார்லருக்குக் கூட்டம். வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் கல்பகம் கை வைத்தால் முடி பட்டாய் மின்னும் என்று பேர் எடுத்திருக்கிறேன். இருபத்தாறு வருடப் பேர்.

நித்யஸ்ரீ என் தங்கை வசந்தகுமாரியின் ஒரே பெண். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு அவளுக்குக் கருப்புச் சாயம் கலந்த கிளாஸ், அதாவது முடிக்குப் பளபளப்பு தருகிற பூச்சு, போட்டேன். அரிக்கிறது என்று நெளிந்தாள். பெற்ற பெண் மாதிரி அல்லவா, மனசு கேட்காமல் பத்தாவது நிமிடமே அலசிவிட்டேன். முடி திட்டுத்திட்டாக, வெயிலில் வெளுத்த குடைத்துணி மாதிரி ஆகிவிட்டது. அவள் சிநேகிதி அதைப் போட்டோ எடுத்துக் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "கல்பகம் ஆன்ட்டிக்கு வயசாயிடுச்சு" என்று யாரோ எழுத, பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நித்யஸ்ரீயின் இமையும் காதோரமும் வீங்கியிருந்தன. வெயில் சூடு என்று சொல்லி மோர் குடிக்கச் சொன்னேன். வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வீங்கினவர்களுக்கு மறுபடி போடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று சாயப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

நான் யோசித்ததெல்லாம் என் முறையைப் பற்றித்தான். எண்ணெய்ப் பிசுக்குப் போக இரண்டு தடவை அலசி, ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்து, முடியை எட்டுப் பாகமாகப் பிரித்துப் பின்கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சீப்பால் இழுத்துச் சமமாகப் பரப்ப வேண்டும். முக்கியமாக, இருபது நிமிடம் முழுசாக விட வேண்டும். அவள் என்ன சொன்னாலும் அலசக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவளை மறுபடி உட்கார வைத்து அப்படியே செய்தேன். எட்டாவது நிமிடம், "பெரியம்மா, மண்டுதோந்தி" என்றாள். இந்தத் தெலுங்கு ஊரிலேயே படித்த பெண். தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும். "ஒண்ணுமில்லடி கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை குரல் கம்மிவிட்டது. பதினெட்டாவது நிமிடம் நாற்காலியிலிருந்து சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

தங்கை வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னக்கா சொன்னா?" என்று கேட்டாள்.

"மண்டை, மண்டைன்னாடி. தலையைப் பத்தி ஏதோ கேக்கறான்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

அவள் நம்பினாள். "நான் அவளுக்கு ஒழுங்காத் தமிழ் சொல்லிக் குடுத்திருந்தா எம்பொண்ணு பொழச்சிருப்பாளே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்றைக்கும் அதையேதான் சொல்லி அழுகிறாள். ஐயோ, அதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாவி நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், சார். மண்டுதோந்தி என்றால் எரிகிறது என்று அர்த்தம். முதல் தடவையே புரிந்தது. மூன்றுக்கு மேல் சொன்னாளா என்று மட்டும் தெரியாது. காதில் விழக் கூடாதென்று டிரையரைப் போட்டுவிட்டேன்.